பெயர் கேட்காத கதிரை

கல்முனைப் பிரதான வீதியில், புடைவைக் கடை ஒன்றுக்கும் மருந்துக் கடை ஒன்றுக்கும் நடுவே ஒடுங்கி நின்ற நம்முடைய நெட் கபே போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. எந்த நாள், எந்த நேரம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஒரு நோன்பு காலத்தில் பாதி இறக்கிய ஷட்டர் பிறகு முழுதாக இறங்கிற்று. அதற்கு முன்பே அங்கே போவதை நாம் நிறுத்தியிருந்தோம்.

அது முதலில் வந்தது கொமினிகேஷனாகத்தான். கண்ணாடி போட்ட மரக்கூண்டு, சுவரில் நாடுகளின் இலக்கங்கள், றியாத்திலிருந்தோ குவைத்திலிருந்தோ வரப்போகும் அழைப்புக்காகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் காத்திருந்த பெண்கள் என்று இருந்த அந்தக் கடையின் மூலையில், ஒருநாள் கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கிய இரண்டு கணினிகள் அமர்ந்தன. பிறகு அவை நான்காகி, ஆறாகி, ஒவ்வொன்றுக்கும் பலகைத் தடுப்பும் பூப்போட்ட திரைச்சீலையும் வந்தன. தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு கிடைக்கும்போது எழுந்த கீச்சொலியும் இரைச்சலும் நம்மில் பலருக்கு இன்னும் காதில் இருக்கும். பாமினி எழுத்துருவில் 'அ' எந்த விசையில் இருக்கிறது என்று தேடித் தேடி நாம் தட்டியதை அது பொறுமையோடு ஏற்றுக்கொண்டது.

சுனாமி எங்கள் கரையைத் தின்றுவிட்டுப் போன 2004 டிசம்பருக்குப் பிறகு அது செய்த சேவைக்கு ஈடு சொல்ல முடியாது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்களே இல்லாமல் போயிருந்தன. மின்சாரம் திரும்பியதும் கடைக்காரக் காக்கா காசு வாங்காமல் கடையைத் திறந்துவைத்தார். வளைகுடாவிலிருந்து வந்து குவிந்த மின்னஞ்சல்களில் பல ஒரே வரிதான்: "உம்மா இரிக்காவா?" பதில் எழுதக் கூப்பிட்ட இளைஞர்களில் நானும் ஒருவன். இல்லை என்று எழுத வேண்டியிருந்த மடல்களின் எண்ணிக்கையை நான் எண்ணவில்லை.

ஆனாலும் அதன் பெரிய குணமாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. அது யாருடைய பெயரையும் கேட்கவில்லை. "நாலாவது கதிரை" என்பார் காக்கா, அவ்வளவுதான். எங்கள் கிழக்கில் வயலிலும் வாசலிலும் பெண்கள் பாடிய கவிகளுக்கு யார் பாடினார் என்ற பெயர் கிடையாது. மனதில் கிடந்த ஆசையும் ஏசலும் பெயரில்லாததனால்தான் வாய்க்கு வந்தன. அந்தக் கவியின் பேரப்பிள்ளையாகத்தான் அந்த நாலாவது கதிரையை நினைக்கிறேன். மருதமுனை நெசவாளி ஒருவரின் மகன் தறிக்கூலி பற்றி அங்கிருந்துதான் எழுதினான். சீதனமாக வீடு கேட்கும் வழக்கத்தை ஒரு ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்டாள். ஊர்ப் பெரியவர்களைப் பற்றியும் அரசியல்வாதிகளைப் பற்றியும் ஒலுவில் கம்பஸ் பிள்ளைகள் எழுதியவை மறுநாள் தேநீர்க் கடைவரை பேசப்பட்டன. பிழையும் எழுதினார்கள், வம்பும் எழுதினார்கள். ஆனால் பயந்து எழுதவில்லை.

தடை என்பது என்னவென்று நாம் அந்தத் திரையில்தான் முதலில் கண்டோம். 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித்தளம் திறக்காமல் போனபோது இணைப்புத்தான் கோளாறு என்று நினைத்தோம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் இணையவழிப் பேச்சைத் தடுத்திருந்ததால், அங்கே வேலைக்குப் போன தாயின் முகம் இங்கே திரையில் வராமல், பிள்ளை வெறும் வட்டம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும் கண்டிருக்கிறோம்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. அடையாள அட்டை கொடுத்து வாங்கிய சிம், சொந்தப் பெயர், சொந்தப் படம். கபே மெலியத் தொடங்கிற்று. போட்டோப் பிரதி, சிவி அடித்தல், பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுத்தல் என்று சில காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் உணவில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற பொய் கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையல்ல, மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. பொய் போன்வழியே பறந்து, கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தபின், மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸப்பும் வைபரும் மூடப்பட்டன. பொய்யைச் சொன்ன வாயோடு அதை மறுத்த வாயும் சேர்ந்து அடைபட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் அதே பூட்டு. அந்தப் பூட்டு விழுந்திருந்த 26ஆம் திகதி இரவுதான் சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்துக் குழந்தைகளும் இறந்தார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த நம்மைப் பற்றிக் கத்தாரிலும் ஜித்தாவிலும் இருந்தவர்கள் அறிய வழி தேடித் தவித்தார்கள். ஓடிப்போய் ஒதுங்க அந்தப் பலகைத் தடுப்பு அப்போது இருக்கவில்லை. ஏப்ரல் 30இல் பூட்டுத் திறந்தது. மே மாதம் சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவிலிருந்து கலவரம் பற்றியதும் திரும்ப விழுந்தது.

பூட்டைவிடக் கனமானது பின்னால் வந்தது. 2020 ஏப்ரலில், முஸ்லிம்கள் மீதான வெறுப்பைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதியதற்காக ரம்ஸி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச ஊழியர் கைதாகி ஐந்து மாதங்கள் சிறையில் இருந்தார். அந்தக் கைது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆயிற்று. தீர்ப்பு வருவதற்குள் நம் விரல்கள் பழகிவிட்டன. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை அரசு எரித்த மாதங்களில் எத்தனை பேர் இரவிரவாக எழுதிவிட்டு, விடியுமுன் அழித்தார்கள் என்று அவரவருக்குத்தான் தெரியும். நானும் அழித்தேன். 2024 பெப்ரவரியில், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் வட்ஸப் குழு ஒன்றில் அதைப் பற்றி ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

சென்ற மாதம் அந்த வழியாகப் போனேன். ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே போன் கவர்களும் சார்ஜர்களும் தொங்கின. அவற்றுக்குப் பின்னால் பலகைத் தடுப்பு நின்ற இடத்தில் சுவரின் பழைய சாயம் கோடு கோடாகத் தெரிந்தது. மஞ்சள் பெயின்டில் எழுதிய 4 பாதி மறைந்து நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவன், சும்மா திரும்ப மனமில்லாமல் ரீலோட் ஒன்று போடக் கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்கட நம்பரச் சொல்லுங்க நானா."

சொன்னேன்.