டெகூபாஜ்: மரச்சாமானில் அச்சுப்படம்

அச்சிட்ட படங்களைக் கத்தரித்து மரச்சாமானில் ஒட்டி, மேலே பல முறை வார்னிஷ் பூசி, படமும் மரமும் ஒரே பரப்பாகும்படி செய்யும் கைவினை டெகூபாஜ். ஸ்டூல், டிரங்குப் பெட்டி, அலமாரிக் கதவு என எதிலும் செய்யலாம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் மட்டும், படத்தைத் தேர்வதற்கு முன்பே உப்புக்காற்றுக்கு வழி யோசித்தாக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில் இந்தக் கைவினை பெருகியது. சீன, ஜப்பானிய அரக்குச் சாமான்கள் மீது அங்கே பெரும் மோகம், விலையோ எட்டாதது. அதனால் அச்சுப்படங்களுக்கு வண்ணம் தீட்டி அலமாரிகளில் ஒட்டி, அரக்கு வேலை போலவே மெருகேற்றினார்கள். பஸ்ஸானோ நகரின் ரெமோந்தினி அச்சகம், வெட்டி ஒட்டுவதற்கென்றே படத்தாள்களை அச்சிட்டு விற்றது.

தமிழ் வீடுகளில் இதற்கு உறவான பழக்கம் காலண்டர் படத்தில் இருக்கிறது. 1894இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அவற்றில் ஜரிகையும் ஜிகினாவும் பதித்து அலங்கரித்தார்கள். பிறகு சிவகாசி வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்ப, அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் தேவையிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டர்களாக ஊர் ஊராகப் போனார்கள். வருடம் முடிந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராது. கத்தரித்துப் பூஜை அலமாரியிலோ பெட்டி மூடியின் உட்புறத்திலோ ஒட்டிவிடுவார்கள். வெனிஸ் வேலைக்குக் கிடைக்கும் மதிப்பு இதற்கும் உரியது.

எல்லா மரத்திலும் ஒட்டலாம் என்பதில்லை. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பப்பட்டிருக்கும் பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் பார்த்தவர்கள், நல்ல தேக்கின் ரேகையைக் காகிதத்தால் மூடத் துணிய மாட்டார்கள். கறை பிடித்த பிளைவுட், கீறல் விழுந்த பழைய ஸ்டூல் ஆகியவையே இதற்கு ஏற்றவை.

உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து, பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். காலண்டரின் ஆர்ட் பேப்பரை ஈரத்துணியால் லேசாக நனைத்து ஒரு நிமிடம் விட்டால் தாள் விரிந்து கொடுக்கும். இல்லையேல் ஒட்டிய பிறகு விரிந்து சுருக்கம் விழும். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை மரத்திலும் தாளின் பின்புறத்திலும் தடவி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரலால் நீவினால் காற்று வெளியேறும். மிஞ்சிய குமிழை ஊசியால் குத்தி அழுத்தலாம். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தின் மை ஈரத்தில் கரையும். ஆஃப்செட், லேசர் அச்சுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. பிறகு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் மெல்லத் தேய்த்து அடுத்ததைப் பூச வேண்டும். தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாமல் போகும் வரை பூசுவதே முறையான வேலை. அதற்கு இருபது பூச்சுகூட ஆகலாம்.

மைதாப் பசை மலிவு. ஆனால் மாவுப் பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் புழங்கும் சாமானுக்கு ஆகாது. ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையைப் பூச்சி அவ்வளவாக நாடாது என்றாலும் ஈரத்தில் அது இளகும். கடலோர வீட்டில் சாமானின் அடிப்பகுதி, பின்பக்கம், வெட்டு விளிம்பு எல்லாவற்றையும் வார்னிஷால் அடைக்க வேண்டியிருப்பது அதனால்தான். முன்பக்கம் மட்டும் மின்னும் அலமாரி ஒரு மழைக்காலத்திலேயே ஓரம் தூக்கிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பூச்சு காயத் தாமதமாகும், பிரெஞ்ச் பாலிஷ் வெளுத்துப் போகும். பிப்ரவரிக்குப் பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. வெயில் நேராக விழும் ஜன்னலோரமும் வேண்டாம்: அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிறி, படம் முழுக்க நீலம் பாய்ந்துவிடும்.