பகுதியும் முழுமையும்: நிறைவெண் வரலாற்றில் ஒரு நோக்கு

கொஸ்லந்தப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தவருக்குச் செக்ரோலில் 'அரைப்பேர்' பதியப்படும். எது பகுதி, எது முழுமை என்னும் கணக்கு மலையக மக்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்தது. எண்ணுலகிலும் இவ்வினா மிகப் பழையது: ஓர் எண்ணின் பகுதிகள் கூடி எப்பொழுது அவ்வெண்ணே ஆகும்?

6ஐ மீதியின்றி வகுக்கும், அதனிற் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றின் கூட்டுத்தொகை 6. அவ்வாறே 28இன் பகுதிகளான 1, 2, 4, 7, 14 கூடி 28 ஆகும். இவையே நிறைவெண்கள். 8இன் பகுதிகள் கூடி 7 ஆதலின் அது குறைவெண். 12இன் பகுதிகள் கூடி 16 ஆதலின் அது மிகையெண்.

1, 2, 4 என இரட்டித்துச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை முதன்மை எண்ணாயின், அதனை இறுதி எண்ணாற் பெருக்க நிறைவெண் பிறக்கும் எனக் கி.மு. 300 அளவில் யூக்கிளிட்டு நிறுவினார். 1+2+4=7; 7×4=28. கி.பி. 100 அளவில் நிக்கொமாக்கசு 6, 28, 496, 8128 என்னும் நான்கைக் கண்டு, நிறைவெண்கள் 6இலும் 8இலும் மாறி மாறி முடியும் என்றார். ஆனால் ஐந்தாவதான 33550336, ஆறாவதான 8589869056 ஆகிய இரண்டும் 6இலேயே முடிகின்றன. நான்கு சான்றுகள் விதியாகா. இரட்டை நிறைவெண் யாவும் யூக்கிளிட்டின் வழியிலேயே பிறப்பன எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓயிலர் நிறுவினார். 2024ஆம் ஆண்டு வரை 52 நிறைவெண்கள் அறியப்பட்டுள்ளன. ஒற்றை நிறைவெண் உண்டா என்பது இன்றும் தீராத வினா.

தமிழர்க்கும் இத்துறையில் பங்குண்டு. பட்டம் பெறாது சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜன், இங்கிலாந்து சென்றபின் 1915இல் நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். தம்மிற் சிறிய எவ்வெண்ணையும்விட மிகுதியான காரணிகளையுடைய 2, 4, 6, 12 போன்ற எண்களை அது ஆராய்ந்தது. 1916இல் காரணிகளின் கூட்டுத்தொகைகளையும் அவர் ஆராய்ந்தார்.

28இன் பகுதிகளுள் மிகச் சிறியது 1. அதனை விடுத்துக் கூட்டினால் 27 ஆகும், நிறைவு குலைந்துவிடும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரைக் கணக்கிலிருந்து நீக்கியது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோரை 2003ஆம் ஆண்டுச் சட்டமே சேர்த்துக்கொண்டது. அதுவரை இந்நாடும் ஒரு குறைவெண்ணாகவே இருந்தது.