ஓலை வாலும் மாமூடைத் துணியும்

மாந்தைத் துறைமுகத்தைத் தோண்டியவர்கள் சீனத்துப் பீங்கான் எடுத்தார்கள், மேற்காசியச் சாடி ஓடுகள் எடுத்தார்கள், மணிகள் எடுத்தார்கள். ஜோன் காஸ்வெல் என்ற அறிஞர் 1980இல் தொடங்கிய அந்த அகழ்வு 1984இல் நாட்டு நிலைமையால் நின்றுபோனது. எங்கள் பாப்பாமோட்டை அந்த இடத்துக்கு அயலூர். மன்னாரிலிருந்து பூநகரி போகிற வீதியில் திருக்கேதீச்சரம் தாண்டி, விடத்தல்தீவுக்கு முன்னம் வரும். அவ்வளவு பெரிய துறைமுகத்தில் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்தானே? அவர்களுக்கென்று தாய்மார் பின்னிக் கொடுத்த தடுக்கோ, தைத்துக் கொடுத்த துண்டோ ஒன்றும் குழியில் கிடையாது. கறையான் விட்டுவைத்த ஓலையை மாரி விடாது. அதனால் நூதனசாலைக்குப் போனால் பீங்கானின் சரித்திரம் கிடைக்கும். பிள்ளைக்குச் செய்த கைவேலையின் சரித்திரத்துக்கு என்னைப்போல மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்ற கிழவிகளைத்தான் கேட்கவேண்டும்.

பிறந்த பிள்ளைக்கு ஏணை கட்ட ஊசி தேவையில்லை. தாயின் பழஞ்சீலையும் வளையில் ஒரு முடிச்சும் போதும். பிள்ளை இருக்கத் தொடங்கியதும்தான் கைவேலை தொடங்கும். முதலில் தடுக்கு. பிள்ளை சப்பாணி கொட்டி இருக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பாய். வடலியில் சார்வோலை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கில் கழித்து, ஒரே அகலத்தில் வார்ந்து வைத்துக்கொண்டு இழைப்பார்கள். இழைக்கிற நேரம் விடியப்புறம், இல்லாவிட்டால் பொழுதுபட்டபின். உச்சி வெயிலில் ஓலை மடங்காது, முறியும். பெண்கள் பகலில் ஓலையைத் தொடாததைச் சாத்திரம் என்று நினைத்திருந்தேன். நானே இழைத்துப் பார்த்த பிறகுதான் ஓலையின் குணம் விளங்கியது.

பிள்ளைகளுக்கு யாரும் இருத்திவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அம்மம்மா பெரிய பாய் இழைப்பார். ஓரம் மடக்கிச் செருகியபின் நறுக்கிவிடுகிற வால்கள் எங்கள் மடியில் விழும். அந்த வாலில்தான் எங்கள் உலகம். காற்றாடி, பாம்பு, கிளி, மணிக்கூடு, கண்ணாடி எல்லாம் அதில் வரும். கிலுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டித்தனம் கேட்கும். வால்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்துச் சதுரப் பெட்டியாக எழுப்பவேண்டும். மேல்வாய் மூடுவதற்கு முன் உள்ளே கொட்டை போடவேண்டும். அதன்பின் மிஞ்சிய நுனிகளைச் சேர்த்து முறுக்கினால் பிடி. அயலில் சிலர் பார்வைக்கு வடிவாக இருக்கிறது என்று குன்றிமணி போடுவார்கள். அம்மம்மா விடமாட்டார். "அது நஞ்சடி பிள்ளை, ஓலை பிரிஞ்சால் குழந்தை வாயிலை வைச்சிடும்" என்று புளியங்கொட்டைதான் போடுவார். கிலுக்கு மூடாமல் இளகிப்போனால் பிழை எப்போதும் ஒன்றுதான்: முதல் மடிப்பில் வாலை நகத்தால் அழுத்தி ஓட்டாமல் விட்டிருப்போம்.

பனையின் பயன் 801 என்று கும்பகோணம் அருணாசலம் பாடிய 'தால விலாசம்' கணக்குச் சொல்கிறது. 1850இல் கொழும்பில் பனையைப் பற்றி நூல் அச்சிட்ட வில்லியம் பெர்குசன் அதை எடுத்துக்காட்டியபடியால் அந்த எண் உலகம் சுற்றிவிட்டது. எண்ணூறு என்றால் எண்ணூறுதானா என்று நான் வழக்குப் பேசப்போவதில்லை. நுங்கு தின்று முடிந்த கோம்பை இரண்டைத் தடியில் குத்தி உருட்டுகிற வண்டிலை அந்தப் புலவர் எண்ணியிருந்தால் சந்தோசம்.

எங்கள் பக்கத்தில் வேதக்காரரும் சைவக்காரரும் ஒரே ஓலையில்தான் கைபழகினோம். குருத்தோலை ஞாயிறு வந்தால் கோயிலில் கிடைத்த குருத்தை வீட்டுக்கு வருமுன்னே சிலுவையாக மடித்துவிடுவார்கள். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் தோரணத்துக்குக் குருவி மடிப்பார்கள். இரண்டுக்கும் தொடக்க மடிப்பு ஒன்றே. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டையும் செய்தார்கள். எந்தப் பெரியவரும் கேள்வி கேட்டதாக ஞாபகமில்லை.

துணிக்கு வருவோம். மன்னார்க் கரையின் மணலில் சாயவேர் தானாக முளைக்கும். தோண்டி எடுத்த வேரிலிருந்து பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். மண்ணுக்குள் கிடக்கும் அந்தச் சிறிய வேரை ஒல்லாந்தர் விடவில்லை, தோண்டுகிற உரிமையைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். பின்வந்த இங்கிலீசுக்காரரும் குத்தகைக்கு விட்டார்கள். வெயிலில் குனிந்து வேர் குத்தியவர்கள் சாதியில் தாழ்த்தப்பட்டிருந்த ஏழைகள்; சிவப்புச் சீலை உடுத்தியவர்கள் வேறு ஆட்கள். 1869இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் கிறேபேயும் லீபர்மானும் அலிசரின் என்ற அதே சிவப்பை ஆய்வுகூடத்தில் செய்யும் வழியை வெளியிட்டார்கள். அதன்பின் இந்தியாவிலும் சரி இங்கும் சரி வேரைத் தேட ஆள் இல்லை. எங்கள் வீட்டில் தடுக்குக்கு ஓரம் கட்டிய சிவப்பு, மன்னார்க் கடையில் வாங்கிய பைக்கற் சாயம்தான். கொதிநீரில் போட்டு ஓலையை அவித்து எடுத்தால் கை ஒரு கிழமைக்குச் சிவந்திருக்கும்.

ஊசிவேலை பெண்பிள்ளைகளுக்குப் பாடமானது மிஷன் பள்ளிக்கூடங்களால். 1824இல் உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் வாசிப்போடு தையலும் இருந்தது. கத்தோலிக்கர் பக்கத்தில் 1862இல் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியரின் கன்னியர்மடங்கள் ஊசியையும் ரேந்தையையும் பழக்கின. நான் படித்தபோதும் அந்த வழக்கத்தின் மிச்சம்தான்: ஒரு வெள்ளைத் துண்டில் நூலோட்டம், சங்கிலித் தையல், தெறித் துளை என்று வரிசையாகத் தைத்து ஒப்படைக்கவேண்டும். 1972 கல்விச் சீர்திருத்தம் ஊரின் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரப் பார்த்தது. அதைப் பலர் திட்டினார்கள். டொக்டராக வேண்டிய பிள்ளைக்கு ஓலை எதற்கு என்று கேட்டார்கள். எனக்கு அந்தத் திட்டம் பிடிக்கும். பிழை பாடத்தில் இல்லை. வீட்டில் கிழவி சும்மா பழக்கியதற்குப் புள்ளி போடத் தொடங்கியதும் பிள்ளைக்கு அது கசந்துவிட்டது.

சிங்கர் கம்பனி இலங்கைக்கு 1877இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு மெசின் வந்தது எவ்வளவோ பிந்தி, அதுவும் சீதனமாக. மெசின் உள்ள வீட்டில் பெருநாளுக்கு முதல்நாள் இரவு முழுக்கக் கடகட என்று சத்தம் கேட்கும். மற்ற வீடுகளில் கைத்தையல். துணி? கோதுமை மா வந்த மூடைதான். வெள்ளைப் பருத்தி, கொஞ்சம் முரடு, அடிக்க அடிக்க மெதுவாகும். எழுபதுகளில் வெளிநாட்டுத் துணிக்குக் கட்டுப்பாடு வந்து சங்கக்கடையில் வரிசையில் நின்ற காலத்தில் மாமூடைக்கு மதிப்பு ஏறியது. உள்ளுடுப்பு, தலையணை உறை, பிள்ளையின் சட்டைக்கு உள்வரி, பொம்மையின் உடம்பு, எல்லாம் அதில். சாம்பலும் சவர்க்காரமும் போட்டு அவித்தாலும் ஆலையின் எழுத்து முழுதாகப் போகாது. தம்பியின் காற்சட்டைப் பின்பக்கத்தில் இங்கிலீசு எழுத்து இருந்தது என்று இன்றும் வீட்டில் சிரிப்போம்.

மூடையின் வாயைத் தைத்திருந்த நூலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அது சங்கிலித் தையல். இரு முனையில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் தையல் முழுக்கக் கழன்று நீண்ட நூலாகக் கையில் வரும். பிழையான முனையைப் பிடித்தால் ஒவ்வொரு கண்ணாக வெட்டவேண்டும், நூல் துண்டு துண்டாகும். வாயை உற்றுப்பார்த்தால் ஒரு பக்கம் நேர்கோடாகவும் மறுபக்கம் கண்ணிகளாகவும் தெரியும். எந்தப் பக்கத்துக் கண்ணி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் இழுக்கிற உரிமை. எங்கள் வீட்டில் இதற்காக மயிர்பிடிச் சண்டையே நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சங்கிலித் தையல் படிப்பித்த காலம் முழுக்க நான் கரும்பலகையில் கீறியதில்லை. ஒரு மூடையைக் கொண்டுபோய் மேசையில் போட்டு இழுக்கச் சொல்வேன்.

வெட்டுத்துண்டு தந்தவர் விடத்தல்தீவில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் தையல்காரர். நாங்கள் நானா என்போம். சட்டை அளவு கொடுக்கப் போகிற பிள்ளைக்குக் கடதாசியில் சுற்றிய துண்டுகள் சும்மா கிடைக்கும். பூப்போட்ட சீத்தை, கோடு போட்ட சாரத் துண்டு. ஒட்டுப்போட்ட போர்வையின் பாதி அவர் கடையிலிருந்து வந்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். விடத்தல்தீவின் முஸ்லிம் சனம் புத்தளம் போனது. அந்தக் கடையும் அத்தோடு போனது. அதைத் தமிழராகிய நாங்கள் எழுதும்போது பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம், நானும் இங்கே அதிகம் எழுதவில்லை என்பது தெரிகிறது. அவர்களின் கதையை அவர்கள் எழுதியிருக்கிறார்கள், தேடி வாசிக்கவேண்டியது எங்கள் பாடு.

அதே காலத்தில் அரசின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. குப்பி விளக்கில் திரியைக் குறைத்து வைத்த வெளிச்சத்தில் ஊசிக்கண் தெரியாது, ஆகவே தையல் பகல்வேலையானது. யூரியாவும் தடைப்பட்டியலில் இருந்தபடியால் வீட்டில் கிடந்த பழைய உரப்பை பொக்கிசமாயிற்று. அதைக் கழுவி வெட்டி, விளிம்பைச் சுடவைத்து உருக்கி, சாக்கூசியால் தைத்துப் பள்ளிக்கூடப் பை. உருக்காமல் தைத்தால் தையல் நிற்கும், பை இழைபிரிந்து போகும். இடம்பெயர்ந்தவர்கள் மடுவில் இருந்தபோதும் தறப்பாளில் இதே வேலைதான் நடந்தது.

பிறகு 2008. யூலை 16ஆம் திகதி விடத்தல்தீவு இராணுவத்திடம் விழுந்தது. அதற்கு முன்பே எங்கள் பக்கத்துச் சனம் கிளிநொச்சிப் பக்கம் நகர்ந்துவிட்டது. அங்கிருந்து கிழக்கே, கடைசியில் முள்ளிவாய்க்கால்வரை. அந்தப் பாதையில் பெண்கள் தைத்தது மண்மூட்டை. பதுங்குகுழியின் விளிம்பில் அடுக்கச் சாக்கு கிடையாது, ஆகவே சீலை. ஆறு யார் சீலையைக் கைமுழ அளவில் வெட்டி, இரண்டாக மடித்து, இரு பக்கமும் இரட்டை நூலோட்டம். ஒற்றைத் தையல் ஈரமணல் பாரத்தில் வெடிக்கும். முதலில் நூல் சீலைகள் தீர்ந்தன. பிறகு நைலெக்ஸ். பிறகு பெட்டியின் அடியில் கிடந்த கூறைச்சீலைகள். சரிகைக்கரை வெளியே தெரிய அடுக்கியிருந்த மூட்டைகளைப் பலர் படம்பிடித்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகளும் தைத்தார்கள். அது யாரும் பழக்கவேண்டிய தையல் இல்லை, எட்டு வயதுக்காரிகூடச் செய்தாள். ஏணை கட்டிய சீலையையும் வெட்டினோம். கைக்குழந்தை மடியில்தானே இருந்தது.

மீள்குடியேறிய பின்னர் உதவி நிறுவனங்கள் தையல் மெசின் கொடுத்தன, வாழ்வாதாரம் என்றார்கள். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் பயிற்சி வைக்கிறது, ஓலைப் பெட்டிகள் இப்போது கொழும்புக் கடையில் அழகுப்பொருள். நல்லதுதான். ஆனால் அளவுச் சட்டம் வைத்துச் செய்கிற பெட்டியில் வால் மிஞ்சுவதில்லை, மிஞ்சினாலும் பிள்ளைகள் அந்த அறைக்குள் இல்லை. வடலி வெட்டிச் சார்வோலை தர ஆள் பிடிப்பதும் பாடு. வீடுகளில் இப்போது வயர் கூடைதான் பின்னுகிறார்கள்.

வீட்டில் தொடங்க விரும்புகிற இளம் தாய்மாருக்கு நான் சொல்வது: ஐந்து வயதுக்கு முனை மழுங்கிய சாக்கூசியும் தடித்த நூலும் கொடுங்கோ. துணி பழைய தலையணை உறையாக இருக்கட்டும், புதுத்துணியின் கஞ்சி சின்னக் கைக்குக் குத்தவிடாது. பொம்மைக்குக் கைகால் வைக்கப்போகாமல் முதலில் பொம்மைக்குத் தலையணை தையுங்கோ, நாலு பக்கத்தில் மூன்றைத் தைத்து இலவம்பஞ்சு அடைத்து நாலாவதையும் தைத்தால் முடிந்தது. என் பேத்தி அந்தப் படியைத் தாண்டிவிட்டாள். இப்போது உரப்பையில் அவளுக்கு ஒரு தோள்பை வெட்டிவைத்திருக்கிறேன். "அம்மம்மா, இதுக்குச் சிப் வைச்சுத் தாங்கோ, தெறி வேண்டாம்" என்கிறாள். சிப் வாங்க மன்னாருக்குத்தான் போகவேணும். செவ்வாய்க்கிழமை பஸ்சில் போகலாம் என்றிருக்கிறேன்.