யுனிக்ஸ் வட்டுப் பிரிவினையின் வரலாறு

கல்வெட்டினையும் செப்பேட்டினையும் துருவி ஆராய்வது போலவே கணினியின் அடைவுப் பெயர்களையும் வரலாற்று மாணவன் ஆராய்தல் கூடும். யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில் ‘யு.எஸ்.ஆர்.’ என்னும் அடைவொன்று உண்டு. பயனர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே அது. ஆனால் இன்றைய லினக்ஸ் முறைமைகளில் அவ்வடைவினுட் பயனரின் கோப்புக்களைப் பொதுவாகக் காண்டல் அரிது, செய்நிரல்களே நிறைந்துள்ளன. பெயர் ஒன்றாகவும் பொருள் பிறிதாகவும் நிற்கும் இம்முரண்பாடு எங்ஙனம் தோன்றிற்று? விடை காண விழைவோர் அக்காலத்து வட்டுக்களின் அளவினை நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் 1969 ஆம் ஆண்டிலே யுனிக்சைத் தோற்றுவித்தனர். 1970 ஆம் ஆண்டின் கோடை இறுதியில் அவர்களுக்குப் பீ.டீ.பீ.-11 என்னும் புதிய இயந்திரம் வந்து சேர்ந்தது. ஆயின் அதற்குரிய வட்டு டிசம்பர் மாதம் வரை வந்திலது. இடைப்பட்ட மாதங்களில் அவ்வியந்திரம் ஆறுக்கு எட்டுக் கட்டங்கொண்ட சதுரங்கப் பலகையிலே குதிரை சுற்றிவரக்கூடிய வழிகளை எண்ணிக்கொண்டிருந்தது! வட்டு இல்லாத கணினியின் நிலை அத்தகையது. பின்னர் வந்த வட்டும் 512 கிலோபைற்று அளவினதே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கும் அது போதாது. முறைமையும் அதனைப் பயன்படுத்துவோரின் கோப்புக்களும் அவ்வளவினுள் ஒடுங்கியிருக்க வேண்டியதாயிற்று.

1974 ஆம் ஆண்டில் றிச்சியும் தொம்சனும் வெளியிட்ட கட்டுரை அடுத்த நிலையைத் தெளிவாகக் காட்டுகின்றது. அப்பொழுது அவர்களிடம் ஒரு மெகாபைற்று கொண்ட நிலைத்தலை வட்டொன்றும், 2.5 மெகாபைற்று வீதம் கொள்ளும் சிறு வட்டியக்கிகள் நான்கும், 40 மெகாபைற்றுப் பெருவட்டியக்கி ஒன்றும் இருந்தன. நிலைத்தலை வட்டு விரைவு மிக்கது, கொள்ளளவோ சிறிது. அதிலே மூல அடைவு அமைந்தது. பயனர் கோப்புக்கள் பெருவட்டிற் குடியேறின. வெவ்வேறு வட்டுக்களை ஒரே மரத்தின் கிளைகள் போல இணைத்துக் காட்டும் ‘மவுண்ட்’ என்னும் ஏற்பாடே இதனைக் கைகூடச் செய்தது. வட்டின் எல்லை எங்கே முடிகின்றது என்பதைப் பயனர் அறியவேண்டியதில்லை. ஒரு வட்டிலுள்ள கோப்பிற்கு மற்றொரு வட்டிலிருந்து தொடுப்பு இடலாகாது என்னும் விதியொன்றே அவ்வெல்லையைப் புலப்படுத்தி நின்றது.

சிறிய மூல வட்டிலே செய்நிரல்கள் பெருகப் பெருக இடம் போதாதாயிற்று. எனவே அவற்றுட் சில பயனர்க்குரிய ‘யு.எஸ்.ஆர்.’ அடைவினுட் புகுந்தன. இது வெறும் ஊகமன்று. 1979 ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பின் கையேடு, ‘யு.எஸ்.ஆர்.’ அடைவின்கீழ் உள்ள ‘பின்’ என்னும் உள்ளடைவு எதற்கெனில், மூலத்திலுள்ள ‘பின்’ அடைவினைச் சிறிதாக வைத்திருத்தற்கே எனக் கூறுகின்றது. அதனினும் உயர்ந்த கோட்பாடு எதனையும் அக்கையேடு அவ்விடத்திற் கூறவில்லை.

இனி, ஒரே வட்டினைப் பல கூறாக வகுக்கும் வழக்கத்தைக் காண்போம். காணியைப் பங்கிட்டு வேலியடைக்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. ஆயினும் இங்கே காரணம் வேறு. 1975 ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு முறைமை வட்டிலுள்ள கட்டைகளைப் பதினாறு இருமஇலக்க எண்ணாற் குறித்தது. ஆதலின் 65,536 கட்டைகளுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. பெருவட்டிலோ 81,200 கட்டைகள் இருந்தன. கட்டையொன்றுக்கு 512 பைற்று ஆதலால், ஏறக்குறைய எண்பது இலட்சம் பைற்று எட்டாக்கனியாய் நின்றன. வட்டினைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனிவட்டெனப் பாவித்தலே அதற்குக் கண்ட பரிகாரம். கையாளுதற்கு எளிதாம் என்பதும் கையேட்டிற் கூறப்பட்டது. ஆயின் அது இரண்டாவதாகவே வருகின்றது. அவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் இக்கூறுகளின் எல்லைகள் வட்டியக்கும் செய்நிரலினுள்ளேயே எழுதப்பட்டிருந்தன. வேறு வட்டு வாங்கின் செய்நிரலையும் திருத்தவேண்டும். 1988 இல் வெளியான பேர்க்கிலியின் 4.3 தாகோ பதிப்பிலேதான் எல்லைக் குறிப்பு வட்டின்மீதே பொறிக்கப்பட்டது.

பிற்காலத்தார் இப்பிரிவினைகளுக்குப் புதிய நியாயங்கள் கண்டனர். பதிவேடுகள் பெருகி ஒரு கூறு நிரம்பினும் மற்றவை பிழைக்கும். பெருங்கூறு பழுதுறினும் சிறிய மூலக்கூற்றைக்கொண்டு திருத்தலாம். செய்நிரற் கூற்றினைப் பல கணினிகள் வலையமைப்பின்மூலம் பகிரலாம். இவை பொய்யான நியாயங்கள் அல்ல. இன்றும் பெருஞ்சேவையகங்களைக் காப்போர் முதற் காரணத்தை நன்குணர்வர். ஆயினும் பயன் வேறு, தோற்றம் வேறு. ‘யு.எஸ்.ஆர்.’ என்பது ‘யுனிக்ஸ் முறைமை வளங்கள்’ என்பதன் சுருக்கம் எனக் கூறும் விளக்கமும் பின்னெழுந்ததே. ஊர்ப்பெயர்களுக்குத் தலபுராணம் கற்பிக்கும் மனப்போக்கு எத்துறையிலும் உண்டு போலும்.

வட்டுக்கள் பெருத்தபின் இரு ‘பின்’ அடைவுகளையும் ஒன்றாக்கும் முயற்சிகள் எழுந்தன. சன் நிறுவனத்தின் சன் ஓ.எஸ். 4.0 முறைமை 1988 இலேயே இதனைச் செய்தது. லினக்ஸ் உலகிலே பெடோரா 17 ஆம் பதிப்பு 2012 இற் செய்தது. இவ்விணைப்பில் ஒன்று நோக்கத்தக்கது. இடமின்றி வெளியே சென்றவை மூலத்திற்குத் திரும்பவில்லை, மூலத்திலிருந்தவையே ‘யு.எஸ்.ஆர்.’ அடைவினுட் சென்று சேர்ந்தன. பழைய ‘பின்’ இருந்த இடத்தில் அதனைச் சுட்டும் தொடுப்பு மாத்திரம் எஞ்சியுள்ளது.