ரிவர்ஸ் சிஸ்டர்

மனசாட்சி இல்லாத நர்ஸைப் பத்தி எழுதுறது சுலபம். இந்த த்ரெட் மனசாட்சி இருந்த ஒருத்தரைப் பத்தி. கொஞ்சம் பொறுமையா படிங்க.

பேர் யூனிஸ் ரிவர்ஸ். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வேலை பார்த்த கறுப்பின நர்ஸ். 1932-ல் அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, டஸ்கீகி பக்கம் ஓர் ஆய்வு தொடங்குது. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள், இல்லாத 201 பேர். சிகிச்சை தராம விட்டா நோய் உடம்பை என்ன பண்ணும்னு சாகுற வரைக்கும் பார்க்கிறதுதான் நோக்கம். நோயின் பேரைக்கூட அவங்ககிட்ட சொல்லல. 'கெட்ட ரத்தம்'னு சொன்னாங்க. முதுகுல ஊசி குத்தி நீர் எடுத்ததையும் ஸ்பெஷல் சிகிச்சைன்னு சொல்லித்தான் வரவெச்சாங்க.

டாக்டர்கள் வந்தாங்க, போனாங்க. 30 வருஷத்துக்கு மேல நிலையா இருந்தது ரிவர்ஸ் சிஸ்டர்தான். வீடு வீடா போய் ஆட்களை கவர்மென்ட் கார்ல ஏத்திட்டு வருவார். குடும்பத்தை விசாரிப்பார். யாராவது இறந்தா துக்கத்துக்குப் போவார். பிரேதப் பரிசோதனைக்கு வீட்டாரிடம் சம்மதம் வாங்குறதும் அவரேதான். பதிலுக்கு அடக்கச் செலவுக்குப் பணம் கிடைக்கும்.

அரசு ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கு இது புரியும். நாங்க சொன்னா தலையாட்டிட்டுப் போற நோயாளி, சிஸ்டர் சொன்னாத்தான் செய்வார்.

1947 வாக்கில் பெனிசிலின் சிஃபிலிஸுக்கு வழக்கமான மருந்தாயிடுச்சு. இவங்களுக்கு அது தரப்படல. சிஸ்டரை நம்பி வந்துட்டே இருந்தாங்க.

அவர் கெட்டவரா? எனக்கு அப்படித் தோணல. அதான் பயமா இருக்கு. டாக்டர் முகமே பார்க்காத ஏழைகளுக்கு பரிசோதனையும் டானிக்கும் கிடைக்குதேன்னு நிஜமாவே நம்பினார். சிகிச்சையை முடிவு பண்றது டாக்டர் பொறுப்புன்னு பின்னாளில் பேட்டியில் சொன்னார். வெறும் சாக்குன்னு தள்ள முடியாது. 1953-ல் சர்வதேச செவிலியர் கவுன்சில் ஏத்துக்கிட்ட நெறிமுறையிலேயே, டாக்டர் உத்தரவை விசுவாசமா நிறைவேத்துறது நர்ஸின் கடமைன்னு இருந்தது. 1958-ல் அரசு அவருக்கு விருதும் கொடுத்தது.

எதிர்த்துக் கேட்டவர் பீட்டர் பக்ஸ்டன். அதே துறையின் ஊழியர். டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. 1966-லேயே மேலிடத்துக்கு எழுதினார். அசையல. கடைசியில் பத்திரிகைக்குக் கொடுத்தார். 1972-ல் செய்தி வெளியாகி ஆய்வு நின்னுச்சு.

அடுத்த வருஷம், 1973-ல், செவிலியர் கவுன்சில் தன் நெறிமுறையைத் திருத்தி எழுதியது. டாக்டர் உத்தரவு பத்தின அந்த வரி அதில் இல்ல. நர்ஸின் முதல் பொறுப்பு, பராமரிப்பு தேவைப்படுற மனுஷங்களுக்குன்னு இருந்தது.