தும்மல் குளிசையும் நித்திரையும்

லண்டனில் மே கடைசியிலிருந்து யூலை வரை புல் மகரந்தம் பறக்கும். ஊரில் தடிமன் மட்டுமே அறிந்திருந்த எங்களில் பலருக்கு இங்கு வந்து சில வருடங்களின் பின்தான் 'ஹே ஃபீவர்' தொடங்கியது. பிள்ளைகளின் ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சையும் இதே காலத்தில்தான் வந்து தொலைக்கிறது.

மகரந்தத்தை எதிரியென எண்ணும் உடல், மூக்கிலும் கண்ணிலுமுள்ள மாஸ்ட் கலங்களிலிருந்து ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. அது எச்1 வாங்கிகளில் போய் ஒட்ட, இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, நரம்புகள் தூண்டப்படுகின்றன. அதுதான் கண் கடியும் தும்மலும். ஹிஸ்டமினின் செயலை 1910இல் விரிவாக எழுதியவர்கள் ஹென்றி டேலும் லெய்ட்லோவும். அவர்களின் ஆய்வுகூடம் இருந்தது தென் லண்டன் ஹேர்ன் ஹில்லில்.

குளிசை ஹிஸ்டமினை அழிப்பதில்லை. வாங்கியைப் பிடித்து அதை அணைத்து வைக்கிறது. ஆகவே தும்மல் தொடங்குமுன் எடுப்பதே நல்லது.

ஆனால் மூளையில் எங்களை விழித்திருக்க வைப்பதும் ஹிஸ்டமின்தான். பிரிட்டன் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் புகுந்து நித்திரையைத் தருகின்றன. லோரட்டடின், செட்டிரிசின் அவ்வளவாகப் புகுவதில்லை, என்றாலும் செட்டிரிசின் சிலரைத் தூங்கவைக்கும். பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் இரவில் கார் ஓடுபவருக்கும் எது ஏற்றதென்று மருந்தாளரிடம் கேளுங்கள். மருந்து மயக்கத்தில் வாகனம் ஓட்டுவது, அது கடையில் வாங்கிய குளிசையானாலும், 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

கச்சான் சாப்பிட்டுத் தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் இந்தக் குளிசை போதாது. அட்ரினலின் ஊசி வேண்டும். உடனே 999ஐ அழையுங்கள்.