குரல் உடையும் வரை - பாய்ஸ் கம்பெனிகளின் கதை

பாபநாசம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், வகுப்பில் யாராவது ஒருவர் "பாபநாசம் சிவன் ஊரா?" என்று கேட்டுவிடுகிறார். இல்லை நண்பர்களே, அது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம். நாங்கள் தாமிரபரணிக்காரர்கள். ஆனால் பாட்டு விஷயத்தில் எங்கள் பக்கமும் லேசுப்பட்டது இல்லை!

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி... இன்றும் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கிற இந்த இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள், 1867-ல் தூத்துக்குடி அருகே பிறந்தவர். அன்று அது திருநெல்வேலி ஜில்லாதான்.

1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவுக்கு அவர்தான் வாத்தியார். நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். ராஜாவும் சிறுவன், ராணியும் சிறுவன்! இதைத்தான் 'பாய்ஸ் கம்பெனி' என்பார்கள். சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனியிலேயே.

ஏன் சிறுவர்கள்? சொன்னபடி கேட்பார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று குரல். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். பிஞ்சுக் குரல்தான் உச்ச ஸ்தாயியில் கணீரென்று ஒலிக்கும்.

சிக்கலும் அங்கேதான். பதின்மூன்று, பதினான்கு வயதில் 'மகரக்கட்டு' வரும். குரல் உடைந்துவிடும். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய பையனுக்கு இன்று பாட்டு வராது. பெண் வேஷமும் போய்விடும். பள்ளிப் படிப்பும் கிடையாது. நம் வயதுக்கு முன்பே ஒருவன் 'பழைய நடிகன்' ஆகிவிடுவதை யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சபாவில் ஆறு வயதில் சேர்ந்தவர் டி.கே.சண்முகம். அவருக்காகவே சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம். 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் சண்முகமே இதைச் சொல்லியிருக்கிறார். பிறகு சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். பிள்ளைகளின் குரலை வளர்த்தவருக்குக் கடைசியில் பேச்சே இல்லை.

1925-ல் சண்முகமும் அவருடைய சகோதரர்களும் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். முதலாளியிடம் நடித்த பிள்ளைகளே முதலாளி ஆனார்கள்! என்.எஸ்.கிருஷ்ணன் வளர்ந்ததும் இங்கேதான். குரல் உடைந்தாலும் வசனம், நகைச்சுவை, சமூக நாடகம் என்று வேறு வழிகள் உண்டு என்று இவர்கள் காட்டினார்கள். பாட்டை மட்டுமே நம்பியிருந்த நாடகம் மெல்ல மாறியது.

1931-ல் பேசும் படம் வந்தது. நல்ல நடிகர்கள் ஒவ்வொருவராக சினிமாவுக்குப் போனார்கள். ஊர் ஊராகப் போய் எல்லோருக்கும் சோறு போடுவது மெல்ல மெல்லக் கடினமானது. ஆனாலும் சகோதரர்கள் தொடர்ந்து நடித்தார்கள்.

எனக்குப் பிடித்த விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சண்முகத்துக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது எந்த வேஷம் தெரியுமா? ஔவையார்! குரல் உடைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, 1940-களில் அவர் போட்ட கிழவி வேஷம். அதனால்தான் அவர் 'ஔவை' சண்முகம். சென்னையில் அந்தப் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது.

உடைந்த குரலுக்கும் ஒரு வேஷம் உண்டு. தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.